கம்ப்யூட்டர் சாவிப் பூட்டைச் சாவி இல்லாமல், உள்ளே உள்ள பின்களை ஒவ்வொன்றாகத் தூக்கித் திறந்து பழக எங்கே தொடங்குவது?

குடமுருட்டி (கும்பகோணம்):

அண்ணன்மாருக்கு வணக்கம். பல்சாவி போடுற சாதாரண 5 பின் பூட்டு நாலைந்தை வைஸில் கட்டித் திறந்து பழகியாச்சு. அடுத்து குழி போட்ட தட்டைச் சாவிப் பூட்டுக்குப் போகணும். ஹார்டுவேர் கடையில் கம்ப்யூட்டர் சாவி என்று கேட்டால் தருவார்களே, அந்த வகை. கதவில் ஏறாத புது யூரோ சிலிண்டர் (கதவுப் பூட்டுக்குள் நுழைத்து மாட்டுற சாவி உருளை) ஒன்று கையில் இருக்கு. ஒரு பக்கம் மட்டும் சாவி போடுற அரை சிலிண்டர். சாவியில் ஒரே வரிசையில் 6 குழி.

என்னிடம் இருக்கிற வளைந்த பிக் (பின்னைத் தூக்குற கம்பி) சாவித் துவாரத்துக்குள்ளே போகுது, ஆனால் தூக்க இடமே இல்லை. இதுக்கு என்ன கருவி வேணும், நாமே செய்ய முடியுமா? எந்த வரிசையில் பழகினால் சரியா வரும்? எண்ணெய் போடணுமா, கிராஃபைட்டா? தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க.

அரசலாற்றங்கரை:

தம்பி, அரை சிலிண்டரா வாங்கினது நல்லது. கழற்றிப் பூட்ட அதுதான் வசதி. இந்த வகைப் பூட்டைக் கழற்றாமல் பழகுறது கண்ணைக் கட்டிக்கிட்டு எழுத்து பழகுற மாதிரி.

அடிப்படை மாறலை. இதுவும் பின் டம்ளர்தான். வெளிக்கூடு பாடி, அதுக்குள்ளே சாவியோடு சுற்றுற உருளை கோர். ஒவ்வொரு துளையிலும் ஸ்பிரிங், மேல் பின், கீழ் பின் அடுக்கா நிற்கும். மேல் பின்னும் கீழ் பின்னும் சேர்ற இடம் கோரும் பாடியும் சேர்ற கோட்டுக்கு நேரா வந்தால்தான் கோர் திரும்பும். பல்சாவியில் சாவியின் விளிம்பை வெட்டி உயரம் வைப்பாங்க. இதில் தட்டைப் பக்கத்தில் குழி தோண்டி வைப்பாங்க. குழி ஆழமா இருந்தா அங்கே கீழ் பின் நீளம். மேலோட்டமான குழின்னா கீழ் பின் குட்டை, அதை நிறையத் தூக்கணும். சுவிட்சர்லாந்தின் காபா கம்பெனி 1934-லேயே கொண்டுவந்த யோசனை இது, எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் போகிற சாவிக்காக. நம்ம ஊருக்குத்தான் கம்ப்யூட்டர் சாவின்னு பேர் மாறி வந்திருக்கு.

யூரோ சிலிண்டரைக் கதவில் மாட்டினால் ஸ்பிரிங்கும் பின்னும் கீழே, ஒல்லியான வால் பகுதியில் இருக்கும். பழகும்போது தலைகீழா வைஸில் வை, வால் மேலே வரட்டும். இனிமேல் நான் மேல், கீழ் என்று சொல்றதெல்லாம் அந்த நிலைக்குத்தான். வைஸின் வாயில் பழைய சைக்கிள் டியூப் துண்டு வைக்காமல் இறுக்காதே. பித்தளை பாடி நசுங்கினால் கோர் உரச ஆரம்பிக்கும். அந்த உரசலை நீ பின் பிடிக்குதுன்னு, அதாவது அழுத்தத்தில் இறுகி நிற்குதுன்னு நினைச்சுக்கிட்டே இருப்பே.

இந்த நிலையில் துவாரம் படுக்கை வசத்தில், சாவி கனத்துக்குக் கொஞ்சம் கூடுதலா, கிட்டத்தட்ட 3 மி.மீ உயரம்தான் இருக்கும். அதனால்தான் உன் பிக்கை மேலே தூக்க முடியலை. இங்கே தூக்கக் கூடாது, உருட்டணும். தண்டு துவாரத்தில் படுத்திருக்கும், முனையில் கொடி மாதிரி ஒரு குட்டை நாக்கு பக்கவாட்டில் நீட்டியிருக்கும். கைப்பிடியை விரலிடுக்கில் உருட்டினால் கொடி நிமிர்ந்து பின்னைத் தள்ளும். கொடி பிக் என்கிறது இதுதான்.

செய்ய ஸ்டெயின்லெஸ் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி போதும். 2 மி.மீ கனம் இருக்கும். தலைப் பக்கம் சக்கர நடுவில் மாட்டுவதற்காக ஏற்கெனவே வளைஞ்சு வருது, அந்த வளைவுதான் உன் கொடி. தலையை வெட்டிட்டு, கொடி தண்டுக்கு மேலே 1, 1.5, 2 மி.மீ நீட்டுற மாதிரி மூணு கம்பி தயார் பண்ணு. துவாரத்துக்குள் போகிற நீளம் மட்டும் தண்டை 1.5 மி.மீ வரைக்கும் அரத்தால் தேய். கொடியின் முனை அகலம் 1 மி.மீ அளவில் நிக்கட்டும், அதிகமானால் பக்கத்துப் பின்னையும் சேர்த்துத் தூக்கும். வளைவில் அரம் போட்டு ஆழக் கோடு விழுந்தால் அங்கேதான் ஒடியும், துண்டு உள்ளேயே மாட்டிக்கும். கடைசியா 400, 800, 1200 எமரி பேப்பரில் வழவழன்னு ஆக்கிடு. சொரசொரப்பான முனை ஒவ்வொரு பின்னிலும் பொய்யா ஒரு சொடுக்கு கொடுக்கும்.

கைப்பிடியில் கொடி நோக்குற திசையில் ஒரு தட்டைப் பட்டை தேய்ச்சு வை. கொடி உள்ளே போனதும் அது எந்தப் பக்கம் பார்க்குதுன்னு கட்டைவிரலுக்குத் தெரியணும். இது சின்ன வேலை, ஆனால் இதை விட்டவங்க பாதிப் பேர் தடுமாறுறது இங்கேதான். கடையில் வர்ற கொடி பிக் ஒருபக்கச் சரிவா இருக்கும், அதனால் இடம், வலம்னு ஜோடியா வாங்கணும். முனையை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேய்ச்சா ஒண்ணே போதும்.

டென்ஷனுக்கு, அதாவது கோரைத் திருப்புற பக்கமா லேசா அழுத்தி வைக்க, கார் வைப்பருக்குள்ளே வர்ற ஸ்டீல் பட்டை. மெக்கானிக் கடையில் கழிச்சுப் போட்டது கிடைக்கும். முனையை 90 டிகிரி வளைச்சு, துவாரத்தில் பின் இல்லாத ஓரத்தில் 2 மி.மீ மட்டும் நுழை. ஆட்டம் இல்லாமல் உட்காரணும். ஆடினால் பட்டைதான் வளையும், கோருக்குத் தகவல் போகாது. கை நீளம் 6, 7 செ.மீ வச்சுக்கிட்டு நுனியில் ஒரே விரல் வை. நகம் வெளுத்தால் அழுத்தம் அதிகம். குழிச்சாவிப் பூட்டில் ஒவ்வொரு பின்னும் நகர்ற தூரமே கொஞ்சம். அழுத்தி வச்சால் எல்லாப் பின்னும் ஒரே நேரத்தில் பிடிச்சுக்கும், எது முதல்னு சொல்ல முடியாது.

இப்போ கழற்றுறது. சாவியைப் போட்டு 15 டிகிரி திருப்பு. பின்பக்கம், கதவுத் தாழை நகர்த்துற நாக்கு இருக்கிற இடத்தில் கோரைப் பிடிச்சிருக்கும் சி வடிவ கிளிப்பை ஒல்லி ஸ்க்ரூடிரைவரால் நெம்பு. கிளிப் பறந்தால் தேடிக் கிடைக்காது, ஒரு துணியைப் போர்த்திக்கிட்டு நெம்பு. பிறகு கோரின் அதே விட்டமுள்ள ஒரு தடியைப் பின்பக்கமிருந்து வச்சுத் தள்ளிக்கிட்டே கோரை முன்பக்கம் எடு. கோரும் தடியும் நடுவில் இடைவெளி விடாமல் ஒட்டியே போகணும். இடைவெளி விட்டால் மேல் பின்னும் ஸ்பிரிங்கும் அந்தச் சந்தில் இறங்கிடும்.

கோர் விட்டம் பூட்டுக்குப் பூட்டு மாறும், வெர்னியர் வச்சு அளந்துக்கோ. நீ கும்பகோணம் என்பதால் ஒரு வசதி சொல்றேன். பக்கத்தில் நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குத் தண்டு கடையிற பட்டறைகள் இருக்கு. கோர் விட்டத்தைவிட 0.1 மி.மீ குறைச்சு ஒரு பித்தளைத் தடி, சாவி நீளத்துக்கு இரண்டு மடங்கு, கடைஞ்சு கேளு. இரண்டு முனையும் தட்டையா இருக்கணும், கூர் வேண்டாம்.

கோரை எடுத்ததும் கீழ் பின்களை ஆறு குழி உள்ள ஒரு தட்டில் வரிசை மாறாமல் வை. சாவியை மேசையில் வச்சு ஒவ்வொரு குழியையும் அதன் பின்னோடு ஒப்பிட்டு, எது நீளம் எது குட்டைன்னு ஒரு தாளில் எழுது. அந்தத் தாளைப் பார்த்துக்கிட்டே திற. சில பேர் இதை ஏமாத்து வேலைன்னு சொல்வாங்க. அப்படி இல்லை. உள்ளே என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு தொட்டால்தான் விரலுக்குப் பாடம் ஏறும்.

பின் போடுறதைப் பின்பக்கமிருந்து ஆரம்பி. முதலில் 6-ஆவது மட்டும். அப்புறம் 6, 5. அப்புறம் 6, 5, 4. முன்பக்கத்திலிருந்து போட்டால் எட்டின இடத்திலேயே கை பழகிடும், உள்ளே போகவே பயப்படும். பின்பக்கம் முதலில் பழகினால், முன்னால் வர்ற ஒவ்வொரு பின்னும் ஒதுக்கிப் போக வேண்டிய தடையாத்தான் சேரும், அதுதான் நிஜ நிலைமை. முதல் சுற்றுக்கு மேல் பின் எல்லாம் நேரான உருளையா இருக்கட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பத்துத் தடவை தொடர்ந்து திறந்தால்தான் அடுத்த பின்.

விரலில் நாலு நிலை தெரியணும். ஸ்பிரிங் மாதிரி துள்ளினால் அந்தப் பின்னின் முறை இன்னும் வரலை, விட்டுடு. கல் மாதிரி நின்றால் அதுதான் பிடிச்சிருக்கிற பின், மெல்ல உருட்டு. சின்னச் சொடுக்கு வந்து, அப்புறம் கீழ் பின் மட்டும் ஸ்பிரிங் இல்லாமல் லேசா ஆடினால் உட்கார்ந்தாச்சு. கொஞ்சமும் ஆடாமல், கொடிக்கு எட்டாத உயரத்தில் செத்த மாதிரி கிடந்தால் அளவுக்கு மேலே தள்ளிட்டே, கீழ் பின்னே கோட்டைத் தாண்டி மேலே மாட்டியிருக்கு. குழிச்சாவிப் பூட்டில் புதுசா வர்றவங்க செய்ற தப்பு பெரும்பாலும் இந்த நாலாவதுதான்.

நாகை உப்புக்காற்று:

எண்ணெய் பற்றி மட்டும் எழுதுகிறேன், மற்றதை அண்ணன் சரியாகச் சொல்லிவிட்டார்.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நம் பக்கம் பலர் கதவுப் பூட்டுக்கு அதைத்தான் விடுகிறார்கள். மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைகிற எண்ணெய் பூட்டுக்குள் மட்டும் இளகியே இருக்காது. நாளாக ஆகப் பிசினாகி, தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

புதுப் பூட்டில் தொழிற்சாலை கிரீஸும் பித்தளைத் துகளும் இருக்கும். கழற்றியதும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் பின், ஸ்பிரிங், கோர் எல்லாவற்றையும் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, காயவிட்டுப் பூட்டுங்கள். பழகுகிற பூட்டு காய்ந்தே இருப்பது நல்லது. எண்ணெய் சொடுக்கை அமுக்கிவிடும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம், பூம்புகார் மாதிரி கடலோரம் என்றால் காய்ந்த பூட்டை அப்படியே வெளியில் வைக்கக் கூடாது. பித்தளைப் பின்னுக்கு அவ்வளவு ஆபத்து இல்லை, பச்சைக் களிம்பு ஏறும், துடைத்தால் போகும். எஃகு ஸ்பிரிங்கும், துளைபோடுவதைத் தடுக்க வைக்கிற எஃகுப் பின்னும்தான் துரு பிடிக்கும். துருப்பிடித்த ஸ்பிரிங் ஒன்று முழுதாக நிமிராது. அந்த மேல் பின் கீழே வராமலே நிற்கும். நீங்கள் அந்தப் பின் உட்கார்ந்துவிட்டது என்று நினைப்பீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள்.

கிராஃபைட் உள்நாட்டுக்குச் சரி, கடலோரத்துக்கு நான் சொல்லமாட்டேன். உப்பு ஈரத்தில் கிராஃபைட்டும் எஃகும் தொட்டுக்கொண்டு இருந்தால் அரிப்பு வேகமாகும். மேலும், எண்ணெய் விட்ட பூட்டில் கிராஃபைட் தூவினால் இரண்டும் சேர்ந்து கரிச்சேறு ஆகிவிடும். காய்ந்த டெஃப்லான் ஸ்ப்ரே ஒரு பீச்சு போதும்.

வெண்ணாறு:

கும்பகோணத்தில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தைப் பார்த்தால் அங்கேயும் கிராஃபைட் வேண்டாம் என்றே தோணுது. ஆனால் காய்ந்த பூட்டை நூறு தடவை திறந்தால் பித்தளைப் பொடி உதிரும், வாரம் ஒரு தடவையாவது ஊதி விடுங்க.

அப்புறம் ஒன்று. கதவில் இருக்கிற பூட்டில் யாரும் பழகாதீங்க, சொந்த வீடாக இருந்தாலும். அளவுக்கு மேலே தள்ளின பின் அப்படியே சிக்கினால் சாவியும் போகாது, ராத்திரியில் கதவை உடைக்கணும். அடுத்தவர் பூட்டு என்ற பேச்சே கிடையாது. ஊரெல்லாம் இந்தப் பொழுதுபோக்குக்கு உள்ள இரண்டு விதி இதுதான்: உன்னுடையது இல்லாத பூட்டைத் தொடாதே, பயன்பாட்டில் இருக்கிற பூட்டைத் தொடாதே. கருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கிட்டு ராத்திரியில் திரியவும் வேண்டாம், போலீஸ் கேட்டால் பொழுதுபோக்கு என்ற பதில் எடுபடாது.

குடமுருட்டி:

ரொம்ப நன்றி அண்ணே. ஸ்போக்ஸ் கொடி வேலை செய்யுது. நேர் பின் போட்டு ஆறும் திறந்தாச்சு. பூட்டோடு வந்த மேல் பின்களைத் திரும்பப் போட்டதும் சிக்கல். கோர் ஒரு 5 டிகிரி திரும்பி நின்னுடுது, அதுக்கு மேலே அசையலை. எல்லாப் பின்னும் உட்கார்ந்த மாதிரியே தெரியுது. டென்ஷனைக் கூட்டினாலும் பலனில்லை. வந்த பின்னில் மூணு நேரா இல்லை, நடுவில் சிறுத்திருக்கு.

வெண்ணாறு:

டென்ஷனைக் கூட்டக் கூடாது, குறைக்கணும். அந்த மூணும் ஸ்பூல் பின். உடுக்கை மாதிரி நடுவில் இடுப்பு சிறுத்திருக்கும். கோர் திரும்பும்போது அந்த இடுப்பில் வந்து விளிம்பு மாட்டிக்குது. அதனால்தான் திறந்த மாதிரி காட்டி நிற்குது. இது தப்பு இல்லை, நீங்க பாதி தூரம் வந்திருக்கீங்க என்பதற்கு அடையாளம்.

அந்த நிலையிலேயே கையை விடாமல், ஒவ்வொரு பின்னையும் மெல்லத் தொட்டுப் பாருங்க. நேர் பின் லேசா ஆடும், அவ்வளவுதான். ஸ்பூல் பின்னைத் தள்ளினால் கோர் உங்க டென்ஷன் விரலை எதிர்த்துப் பின்னாடி வரும். அந்த எதிர்த்தள்ளலை விரல் விட்டுக்கொடுக்கணும், ஆனால் முழுசா விட்டுடக் கூடாது. தூண்டிலில் மீன் இழுக்கும்போது நரம்பை விடுற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா. இடுப்பின் அடி விளிம்பு கோட்டைத் தாண்டினதும் சொடுக்குக் கேட்கும், கோர் பழைய இடத்துக்கோ இன்னும் கொஞ்சம் தள்ளியோ முன்னாடி வரும்.

கோர் பின்னாடி வர்றப்போ ஏற்கெனவே உட்கார்ந்த நேர் பின் ஒன்றிரண்டு விழும். அதைப் பார்த்துப் பதறாதீங்க, திரும்ப உட்கார வைங்க. எல்லாமே விழுந்தால் டென்ஷனை அதிகமா விட்டுட்டீங்க என்று அர்த்தம்.

ஒரே நேரத்தில் மூணு ஸ்பூலும் வேண்டாம். ஆறில் ஒண்ணை மட்டும் ஸ்பூலாக்கி, அது எந்தக் குழியில் இருக்குன்னு தெரிஞ்சே பழகுங்க. அப்புறம் அதை வேறே குழிக்கு மாத்துங்க. அப்புறம் இரண்டு.

எந்தப் பின்னைத் தொட்டாலும் கோர் பின்னாடி வரலையென்றால் காரணம் வேறே. டென்ஷன் பட்டை ரொம்ப உள்ளே போய் முதல் பின்னை முட்டுதா, அல்லது பட்டையின் வளைவு பாடியின் முகப்பை உரசுதான்னு முதலில் பாருங்க. அப்புறம் கொடியின் தண்டே முன்னால் உள்ள நீளப் பின் ஒன்றைச் சேர்த்துத் தூக்கி வச்சிருக்கலாம். கொடியை வெளியே எடுத்ததும் சொடுக்கென்று ஒன்று விழுந்தால் அதுதான்.

அரசலாற்றங்கரை:

வெண்ணாறு சொன்னது அத்தனையும் சரி. ஸ்பூல் பின் கூடுதலா வேணும்னா நேர் பின்னை டிரில் சக்கில் மெதுவா மாட்டி, சுழலவிட்டு, ஊசி அரத்தை நடுவில் காட்டு. இரண்டு முனையிலும் 0.8 மி.மீயாவது விளிம்பு மிச்சம் இருக்கட்டும். சக் கடிச்ச தழும்பை எமரியில் நீவாமல் போட்டால் துளைக்குள் சிக்கும்.

திண்டுக்கல் பூட்டில் கை பழகினவங்க இங்கே வரும்போது குழம்புறாங்க, அதையும் சொல்லிடறேன். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின அந்தப் பூட்டு லீவர் வகை. அங்கே தாழ்த்தண்டின் மேல் அழுத்தம் வச்சு லீவர் தகடுகளைத் தூக்குறோம், கோர் என்று ஒன்று சுற்றுவதில்லை. அந்தக் கருவியும் அந்த அழுத்தமும் இதுக்குப் பயன்படாது.

அடுத்து எங்கே போகலாம்னு கேட்பே. இரண்டு வரிசைப் பின் உள்ள சிலிண்டர். அதில் கொடியை இடப்பக்கம் உருட்டி ஒரு வரிசை, வலப்பக்கம் உருட்டி ஒரு வரிசை. டென்ஷன் பட்டைக்கு இடம் இன்னும் குறையும், முனையை அரம் போட்டு ஒல்லியாக்கு. அதைக் கழற்றும்போது 15 டிகிரியைத் தாண்டித் திருப்பாதே. ஒரு வரிசையின் மேல் பின்கள் இன்னொரு வரிசையின் துளைக்கு நேரா வந்தால் உள்ளே இறங்கிடும்.

அதுக்குப் பிறகுதான் பின்னுக்குள் பின். இஸ்ரேலில் 1973-ல் தொடங்கின மல்ட்டி லாக் கம்பெனி பிரபலமாக்கினது. குழிக்குள்ளே இன்னொரு குட்டிக் குழி இருக்கும், சாவியைப் பார்த்தாலே தெரியும். வெளிப் பின், உள் பின் இரண்டுமே தனித்தனியா அதனதன் உயரத்தில் நிற்கணும். பெரும்பாலும் வெளிப் பின்களை முதலில் முடிச்சுட்டு, ஒல்லி முனைக் கொடியால் உள் பின்களுக்குப் போவாங்க. உள் பின்னின் ஸ்பிரிங் தலைமயிர் கனம்தான், கழற்றினால் வெள்ளைத் துணிமேல் வச்சுக் கழற்று. ஆறு மாசமாவது சாதாரண குழிச்சாவிப் பூட்டில் இருந்துட்டு அப்புறம் போ.

மலிவுப் பூட்டில் கொடியை வச்சு முன்னும் பின்னும் வாரினால் சில நேரம் திறந்திடும். அப்படித் திறந்தால் அந்தப் பூட்டின் துளைகளும் பின்களும் தளர்வா இருக்குன்னு மட்டும் எடுத்துக்கோ, அதைப் பழக்கத்தில் சேர்க்காதே.

குடமுருட்டி:

திறந்துடுச்சு அண்ணே, மூணு ஸ்பூலோடவும். எதிர்த்தள்ளல் தெளிவா விரலுக்குத் தெரிஞ்சது. கடைசியா ஒன்று: திறந்த பிறகு கோரை முழுச் சுற்றும் சுற்றலாமா?

அரசலாற்றங்கரை:

ஒற்றை வரிசைன்னா பெரும்பாலும் பிரச்சினை இல்லை, ஆனாலும் சாவியைப் பக்கத்திலேயே வச்சுக்கோ. 90 டிகிரியில் துவாரத்தின் ஓரம் மேல் பின்களுக்கு நேரா வரும். துவாரம் பின்னைவிட அகலமா இருந்தால் மேல் பின் அதில் இறங்கிக் கோரை நிறுத்தும். திறந்ததும் 20 டிகிரியில் நிறுத்தி, கோரைப் பழைய நிலைக்கே திருப்பி, பிக்கையும் பட்டையையும் எடுத்துட்டு, சாவியைச் செருகி அதுக்கப்புறம் சுற்று. ஏற்கெனவே மாட்டிக்கிட்டால் அடிக்காதே. மேல் பின் இறங்கின இடத்தில் ஒரு மெல்லிய தகட்டை ஓரத்தோடு நுழைச்சு, அதை உள்ளே தள்ளிப் பிடிச்சபடி கோரைத் திருப்பு, வழி விடும்.